இரண்டு கேபிள், ஒரே பாதை: சர்வரில் மாற்று நெட்வொர்க் வழி ஏன் வேலை செய்யாமல் போகிறது, எப்படிச் சரியாக அமைப்பது

சர்வரின் இரண்டு நெட்வொர்க் போர்ட்களில் கேபிள் செருகி, இரண்டுக்கும் ஆளுக்கொரு ஐபி முகவரி கொடுத்து, இரண்டிலும் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்ததும், "ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்" என்று நம்பிவிடுவது வழக்கம். முதல் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் நடப்பது வேறு. சர்வர் மொத்தமாகத் தொடர்பை இழக்கிறது. கேபிள் நன்றாக இருக்கும் இரண்டாவது போர்ட்டின் முகவரிக்குக்கூடப் பதில் வருவதில்லை.

இதற்குக் காரணம் பழுதல்ல. சர்வரை இயக்கும் லினக்ஸ் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மாற்றுப் பாதை என்பது மூன்று ஏற்பாடுகள் சேர்ந்தது: இன்னொரு வழி இருக்க வேண்டும், முதல் வழி செத்துவிட்டது என்பதை யாராவது கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததும் சர்வரும் எதிர்ப்பக்கத்து ஸ்விட்ச், ரவுட்டர்களும் புதிய வழிக்கு மாற வேண்டும். கேபிள் செருகுவது முதல் ஏற்பாட்டை மட்டுமே தருகிறது. மீதி இரண்டையும் நாம்தான் அமைக்க வேண்டும். அவற்றிலும் கண்டுபிடிக்கும் வேலைதான் மிகக் கடினமானது, அதிகம் கவனிக்கப்படாதது.

## பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) சர்வரை விட்டு வெளியேறும்போது கடக்கும் பொருள்களை வரிசையாக எழுதிப் பார்ப்பதுதான் முதல் வேலை: நெட்வொர்க் கார்டு, அதன் போர்ட், கேபிள் அல்லது ஃபைபரும் அதன் மாட்யூலும், ஸ்விட்ச், அந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் தரும் இணைப்பு, கேட்வே ரவுட்டர் (வெளி நெட்வொர்க்குக்கு வாசலாக நிற்பது), அதற்கு மேலே உள்ள இணைப்பு. இரண்டு பாதைகளுக்கும் தனித்தனியாக இந்தப் பட்டியலை எழுதி, இரண்டிலும் ஒரே பொருள் வரும் இடங்களை வட்டமிடுங்கள். அந்த வட்டங்களில் எது கெட்டாலும் இரண்டு பாதைகளும் சேர்ந்தே போகும்.

அடிக்கடி வட்டத்துக்குள் வருபவை:

1. ஒரே கார்டின் இரண்டு போர்ட்கள். கார்டு கெட்டால், அல்லது அதன் ஃபர்ம்வேர் முடங்கினால், இரண்டும் ஒன்றாகப் போகும். மதர்போர்டில் உள்ள போர்ட் ஒன்று, தனியாகச் செருகிய கார்டில் உள்ள போர்ட் ஒன்று எனப் பிரித்துக்கொள்வது நல்லது.
2. இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சில் முடிவது. கேபிள் அறுந்தால் காப்பாற்றும். ஸ்விட்ச் மறுதொடக்கம் ஆகும்போது காப்பாற்றாது.
3. இரண்டு ஸ்விட்ச்களும் ஒரே யுபிஎஸ்ஸில் இருப்பது.
4. இரண்டு கேபிள்களும் ஒரே குழாய் வழியாகப் போவது. வேறு வேறு நிறுவனங்களிடம் வாங்கிய இணைப்புகளும் கட்டடத்துக்குள் ஒரே குழாயில் நுழைவதுண்டு.

எல்லா வட்டங்களையும் அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டியதில்லை. எதை ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்து ஏற்றுக்கொண்டால் போதும்.

## ஒரே சப்நெட்டில் இரண்டு முகவரி: ஏன் உதவாது

தொடக்கத்தில் சொன்ன நிலைமையைக் கிட்டத்தில் பார்ப்போம். போர்ட் 1-க்கு 192.0.2.10, போர்ட் 2-க்கு 192.0.2.11. இரண்டும் ஒரே 24-பிட் சப்நெட், அதாவது முதல் 24 பிட்கள் ஒத்த முகவரிகளின் குழு. கேட்வே 192.0.2.1.

இப்போது ரூட்டிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலில்) 192.0.2.0 சப்நெட்டுக்கு இரண்டு வரிகள் இருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முன்னுரிமை உள்ள ஒன்றை மட்டுமே பயன்படுத்தும். அது போர்ட் 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளையண்ட் 192.0.2.11-க்குப் பாக்கெட் அனுப்பினால் அது போர்ட் 2 வழியாக உள்ளே வரலாம். ஆனால் பதில் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை, கேள்வி எந்த வழியாக வந்தது என்பது தீர்மானிப்பதில்லை. ரூட்டிங் டேபிள்தான் தீர்மானிக்கிறது. பதில் போர்ட் 1 வழியாகப் போகும்.

போர்ட் 1-இன் கேபிளைப் பிடுங்கினால்? அந்த வரியின் மேல் "லிங்க் இல்லை" என்று கெர்னல் குறித்து வைக்கும். ஆனால் வரியை நீக்காது. இயல்புநிலையில் அதைத் தவிர்க்கவும் செய்யாது. எல்லாப் பதில்களும் செத்த போர்ட்டுக்கே போய்த் தொலைகின்றன. லிங்க் இல்லாத வழிகளைத் தவிர்க்கச் சொல்லும் கெர்னல் அமைப்பு ஒன்று உண்டு. 'இக்னோர் ரூட்ஸ் வித் லிங்க்டவுன்' என்பது அதன் பெயர், இயல்பு மதிப்பு 0. சில நெட்வொர்க் மேலாண்மைக் கருவிகள் லிங்க் போனதும் முகவரியையும் வழியையும் தாமே நீக்கும். அதனால்தான் இதே அமைப்பு ஒரு சர்வரில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் குழப்புகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸைப் பொறுத்தவரை ஐபி முகவரி போர்ட்டுக்குச் சொந்தமல்ல, சர்வருக்குச் சொந்தம். ஆகவே "192.0.2.10 யாரிடம்?" என்ற ஏஆர்பி கேள்வி (ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைத் தேடுவது) ஒரே ஸ்விட்சில் உள்ள இரண்டு போர்ட்களுக்கும் வந்தால், இரண்டு போர்ட்களும் தத்தம் வன்பொருள் முகவரியை, அதாவது மேக் முகவரியை, சொல்லிப் பதில் தரும். எந்தப் பதில் கிளையண்டின் அட்டவணையில் தங்குகிறது என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. இதை ஏஆர்பி ஃப்ளக்ஸ் என்பார்கள். 'ஏஆர்பி இக்னோர்' மதிப்பை 1 ஆகவும் 'ஏஆர்பி அனௌன்ஸ்' மதிப்பை 2 ஆகவும் வைத்தால் இது அடங்கும். ஆனால் பதில் போகும் வழி பற்றிய முதல் சிக்கல் அப்படியே இருக்கும்.

ஒரே சப்நெட்டில் மாற்றுப் பாதை வேண்டுமென்றால் இரண்டு முகவரி கொடுக்காதீர்கள். இரண்டு போர்ட்களையும் சேர்த்து ஒரே முகவரி கொடுங்கள். அதற்குப் பெயர் பாண்டிங்.

## பாண்டிங்: எந்த முறை, எப்போது

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போர்ட்களைக் கட்டி ஒரே தர்க்கரீதியான இன்டர்ஃபேஸாகக் காட்டுவது பாண்டிங். ஐபி முகவரி பாண்டுக்கு மட்டுமே; அடியில் உள்ள போர்ட்களுக்கு முகவரி இருக்கக் கூடாது. லினக்ஸ் பாண்டிங்கில் 0 முதல் 6 வரை ஏழு முறைகள் உண்டு. நடைமுறையில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

முறை 1, ஆக்டிவ்-பேக்கப். ஒரு போர்ட் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். ஸ்விட்சில் எந்தச் சிறப்பு அமைப்பும் தேவையில்லை. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு சாதாரண ஸ்விட்ச்களிலும், இரண்டும் ஒரே விலானில் (ஸ்விட்ச்களுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) இருக்கும்வரை, இது வேலை செய்யும். பாதை மாறியதும் சர்வர் ஒரு கிராச்சுயிட்டஸ் ஏஆர்பி (யாரும் கேட்காமலே தன் முகவரியைச் சொல்லும் செய்தி) அனுப்பும். அதைக் கேட்டு ஸ்விட்ச்கள் அந்த மேக் முகவரி இடம் மாறியதைத் தெரிந்துகொள்ளும். அதிக வேகம் கிடைக்காது. ஆனால் குறிக்கோள் தாங்குதிறன் மட்டும்தான் என்றால் முதலில் எடுக்க வேண்டியது இதுவே. தவறாக அமைப்பதற்கு இடம் குறைவு என்பதே இதன் பெரிய பலம்.

முறை 4, எல்ஏசிபி. 2000-இல் 802.3ஏடி என்று வந்து, 2008 முதல் 802.1ஏஎக்ஸ் என்ற எண்ணில் இருக்கும் தரநிலை. எல்லா போர்ட்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். சர்வரும் ஸ்விட்சும் ஒன்றுக்கொன்று சிறு செய்திகள் அனுப்பி இணைப்பை உறுதி செய்துகொள்ளும். ஸ்விட்சிலும் அதே போர்ட்களை ஒரு குழுவாக அமைக்க வேண்டும். இரண்டு தனித்தனி ஸ்விட்ச்களில் கேபிள் முடிகிறது என்றால், அவை ஸ்டாக் ஆகவோ எம்-லேக் முறையிலோ சேர்ந்து ஒரே ஸ்விட்ச் போல நடிக்க வேண்டும். சாதாரணமான இரண்டு ஸ்விட்ச்களில் ஒரே எல்ஏசிபி குழு அமையாது.

எல்ஏசிபி பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பு பரவலாக உண்டு. 10 ஜிகாபிட் போர்ட்கள் இரண்டைக் கட்டினால் ஒரு கோப்பை 20 ஜிகாபிட்டில் நகலெடுக்கலாம் என்பது அது. முடியாது. ஒரு டிசிபி இணைப்பின் பாக்கெட்டுகள் வரிசை மாறக் கூடாது என்பதால் அவை ஒரே போர்ட்டில்தான் போகும். பல இணைப்புகள் இருந்தால் அவை பிரிந்து செல்லும். எதை வைத்துப் பிரிப்பது என்பதை ஹாஷ் கொள்கை சொல்கிறது. இயல்பான 'லேயர் 2' கொள்கை மேக் முகவரிகளை வைத்துப் பிரிக்கும். போக்குவரத்து முழுவதும் கேட்வே வழியாகப் போகும் சர்வரில் மறுமுனையின் மேக் எப்போதும் கேட்வேயினுடையதே. ஆகவே எல்லாம் ஒரே போர்ட்டில் குவியும். 'லேயர் 3+4' கொள்கை ஐபி முகவரியையும் (கேபிள் போர்ட் அல்லாத) டிசிபி போர்ட் எண்ணையும் பார்ப்பதால் நன்றாகப் பரவும். சர்வரின் இந்த அமைப்பு வெளியே போகும் திசைக்கு மட்டுமே. உள்ளே வரும் திசையை ஸ்விட்சின் ஹாஷ் தீர்மானிக்கும்.

முறை எண்ணைக் குறிப்பிட மறந்தால் இயல்பாக வருவது முறை 0. அது பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி இரண்டு போர்ட்களிலும் அனுப்பும். ஸ்விட்சில் குழு அமைக்காமல் இதைப் பயன்படுத்தினால், ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்களில் மாறி மாறித் தெரிவதாக ஸ்விட்ச் புலம்பும். முறை 5, 6 இரண்டும் மெய்நிகர் எந்திரங்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜுக்கு அடியில் தொல்லை தரக்கூடியவை. தவிர்த்துவிடலாம்.

## பாதை செத்ததை யார் கவனிக்கிறார்

லிங்க் கண்காணிப்பு. 'எம்ஐஐமான்' என்ற அமைப்பு, சொன்ன இடைவெளியில் போர்ட்டின் லிங்க் நிலையைப் பார்க்கும். வழக்கமான மதிப்பு 100 மில்லிநொடி. பழைய கெர்னல்களில் இயல்பு மதிப்பு 0, அதாவது கண்காணிப்பே இல்லை. அதனால் எந்தப் பதிப்பானாலும் இந்த எண்ணை வெளிப்படையாக எழுதிவிடுவது பாதுகாப்பு.

எம்ஐஐமான் பார்ப்பது கார்டுக்கும் அதை அடுத்த ஸ்விட்சுக்கும் இடையிலான ஒரே ஒரு கேபிளைத்தான். ஸ்விட்ச் உயிரோடு இருந்து, அதன் மேல் இணைப்பு அறுந்திருந்தால் இதற்குத் தெரியாது. யாரோ ஸ்விட்ச் போர்ட்டின் விலானை மாற்றிவிட்டால் தெரியாது. ஸ்விட்சின் மென்பொருள் உறைந்து விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால் தெரியாது. ஆஸ்பத்திரி மானிட்டர் ஒயர் நோயாளியின் உடம்பில் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து அவர் நலம் என்று முடிவுகட்டுவது போன்றது இது.

ஏஆர்பி கண்காணிப்பு. ஆக்டிவ்-பேக்கப் முறையில் எம்ஐஐமானுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம். இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது. குறிப்பிட்ட முகவரிகளுக்கு, வழக்கமாக நொடிக்கு ஒருமுறை, ஏஆர்பி கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும். பாதை உண்மையிலேயே பாக்கெட்டைச் சுமக்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். இரண்டு எச்சரிக்கைகள்:

1. இலக்கு முகவரி ஒன்று மட்டும் இருந்தால், அந்தக் கேட்வே மறுதொடக்கம் ஆகும்போது இரண்டு போர்ட்களும் செத்ததாகப் பாண்ட் முடிவுசெய்யும். நல்ல பாதைகளைத் தானே மூடிக்கொள்ளும். குறைந்தது இரண்டு இலக்குகள் கொடுங்கள். 16 வரை கொடுக்கலாம்.
2. 'ஏஆர்பி வேலிடேட்' அமைக்காவிட்டால், போர்ட்டுக்குள் எந்தப் பாக்கெட் வந்தாலும் அது உயிரோடு இருப்பதாகக் கணக்கு. ஒரே ஸ்விட்சில் உள்ள வேறு சர்வர்கள் எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்ட்கூட அப்படி ஏமாற்றிவிடும். அதை 'ஆல்' என்று வையுங்கள்.

எல்ஏசிபி செய்திகள். எல்ஏசிபி முறையில் ஏஆர்பி கண்காணிப்பு வேலை செய்யாது. அதற்குத் தேவையும் குறைவு. ஏனெனில் எல்ஏசிபி செய்தி வருவது நின்றாலே போர்ட் குழுவிலிருந்து விலக்கப்படும். ஆனால் எவ்வளவு நேரத்தில்? இயல்பான மெதுவேகத்தில் 30 நொடிக்கு ஒரு செய்தி, மூன்று தவறினால் விலக்கு; ஆக 90 நொடி. வேக அமைப்பில் 1 நொடிக்கு ஒன்று, 3 நொடியில் விலக்கு. ஃபைபரில் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்து, ஒருபக்கத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் பழுதுகளில் இந்த வேறுபாடு முழுதாகத் தெரியும். வேக அமைப்பை இருபக்கமும் வையுங்கள். நீங்கள் வைப்பது, எதிர்ப்பக்கம் எவ்வளவு அடிக்கடி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்வது மட்டுமே.

## திரும்பி வரும்போது நேரும் விபத்து

பாதை போகும்போது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. ஸ்விட்ச் மறுதொடக்கம் ஆகிப் போர்ட்டின் விளக்கு எரிந்ததும் பாண்ட் உடனே அதற்கு மாறுகிறது. ஆனால் ஸ்விட்சில் பழைய ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்கு இடையே சுழல் வழி உருவாகாமல் தடுக்கும் முறை) ஓடிக்கொண்டிருந்தால், கவனிப்பு நிலை 15 நொடி, கற்கும் நிலை 15 நொடி என 30 நொடிக்கு அந்தப் போர்ட் எந்தப் பாக்கெட்டையும் கடத்தாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு, பழுது சரியான பிறகு 30 நொடி இறந்துபோகிறது.

இதற்கு மூன்று தீர்வுகளையும் சேர்த்தே செய்யுங்கள். சர்வர் இணைந்திருக்கும் ஸ்விட்ச் போர்ட்களை எட்ஜ் போர்ட்டாக, சில ஸ்விட்ச்களின் பேச்சில் போர்ட்ஃபாஸ்ட் ஆக, குறியுங்கள். பாண்டில் 'அப்டிலே' (லிங்க் வந்த பிறகும் போர்ட்டைப் பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) வையுங்கள். அது எம்ஐஐமானின் மடங்காக இருக்க வேண்டும். ஸ்விட்ச் முழுதாக எழுந்து நிற்கும் நேரத்தைப் பொறுத்து 30,000 முதல் 60,000 மில்லிநொடி வரை வைக்கலாம். இரண்டு போர்ட்களும் சமமானவை என்றால் 'ப்ரைமரி ரீசெலக்ட்' மதிப்பை 'ஃபெயிலியர்' ஆக்குங்கள். ப்ரைமரி போர்ட் குறித்திருந்து இதைத் தொடாமல் விட்டால், முதல் போர்ட் திரும்பியதும் பாண்ட் மீண்டும் அதற்கே தாவும். தேவையில்லாத இரண்டாவது தடங்கல் அது.

## இரண்டு வேறு நெட்வொர்க்குகள், இரண்டு கேட்வே

இரண்டு இணைய இணைப்புகள் நேரடியாகச் சர்வருக்கு வரும் நிலையில் பாண்டிங் பொருந்தாது. போர்ட் 1: 192.0.2.10, கேட்வே 192.0.2.1. போர்ட் 2: 198.51.100.10, கேட்வே 198.51.100.1. இங்கே முதல் தேவை, வந்த வழியே பதில் போவது. போகாவிட்டால், முதல் நிறுவனத்தின் நெட்வொர்க் தனக்குச் சொந்தமில்லாத மூல முகவரியோடு வரும் பாக்கெட்டை எறிந்துவிடும். மூல முகவரியைப் பொய்யாக்கும் தாக்குதல்களைத் தடுக்க 2000-இல் வந்த பிசிபி 38 பரிந்துரை அப்படித்தான் செய்யச் சொல்கிறது.

இதை மூல முகவரி சார்ந்த ரூட்டிங்கால் அமைக்கலாம்:

1. இரண்டு தனி ரூட்டிங் டேபிள்கள் உருவாக்குங்கள்; எண்கள் 101, 102 என்று வைக்கலாம். 253, 254, 255 ஏற்கெனவே கெர்னலுக்குரியவை.
2. டேபிள் 101-இல் 192.0.2.0 சப்நெட்டுக்கான வழியையும், 192.0.2.1 வழியான இயல்பு வழியையும் (வேறு வழி பொருந்தாதபோது எடுப்பது) சேருங்கள். 102-இல் அதேபோல இரண்டாவது நெட்வொர்க்குக்கு. சப்நெட் வழியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விட்டால், பக்கத்துச் சர்வருக்குப் போகும் பாக்கெட்கூடக் கேட்வேயைச் சுற்றும்.
3. விதிகள்: மூலம் 192.0.2.10 என்றால் டேபிள் 101, மூலம் 198.51.100.10 என்றால் டேபிள் 102. முக்கிய டேபிளின் விதி எண் 32766. நம் விதிகளின் எண் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.
4. முக்கிய டேபிளில் இரண்டு இயல்பு வழிகளையும் மெட்ரிக் 100, 200 என வைத்துச் சேருங்கள் (சிறிய எண்ணுக்கே முன்னுரிமை). சர்வர் தானே தொடங்கும் இணைப்புகளுக்கு இவை.
5. 'ஆர்பி ஃபில்டர்' மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் கடுமை: பாக்கெட்டின் மூல முகவரிக்குத் திரும்பும் வழி அதே போர்ட்டாக இல்லாவிட்டால் எறியும். 2 என்றால் தளர்வு: ஏதாவது ஒரு போர்ட் வழியாக எட்ட முடிந்தால் போதும். பல பாதைச் சர்வருக்கு 2 பொருத்தம். போர்ட்டுக்கென்று உள்ள மதிப்பு, எல்லாவற்றுக்குமான மதிப்பு ஆகிய இரண்டில் பெரியதே செல்லும். எனவே ஒன்றில் 0 எழுதிவிட்டு முடிந்தது என்று இருக்க வேண்டாம்.

ஐந்தாவது படியில் சிக்கியவர்கள் பார்க்கும் அறிகுறி விசித்திரமானது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவியான டிசிபி டம்ப்பில் பாக்கெட் உள்ளே வருவது தெளிவாகத் தெரியும், ஃபயர்வால் விதிகளும் சரியாக இருக்கும், பதில் மட்டும் வராது. டிசிபி டம்ப் பாக்கெட்டைப் பிடிப்பது ஆர்பி ஃபில்டருக்கு முன்னால் என்பதே காரணம். கெர்னல் எண்ணிக்கைகளில் 'ரிவர்ஸ் பாத் ஃபில்டர்' என்ற எண் ஏறுகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

கன்டெய்னர்கள் (உள்முகவரியோடு தனி உறைகளில் இயங்கும் பயன்பாடுகள்) ஓடும் சர்வரில் மூல முகவரி விதி மட்டும் போதாது. கன்டெய்னரின் பதிலுக்கு வழி தேடப்படும் நொடியில் அதன் மூல முகவரி இன்னும் கன்டெய்னரின் உள்முகவரிதான். வெளிமுகவரியாக மாறுவது அதற்குப் பிறகு. ஆகவே விதி பொருந்தாது. உள்ளே வரும்போதே இணைப்பின் மேல் எந்தப் போர்ட் என்று ஒரு மார்க் இட்டு, பதிலில் அந்த மார்க்கை மீட்டு, மார்க்கை வைத்து டேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது படியின் மெட்ரிக்கைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். முதல் கேட்வேக்கு அப்பால் இணையம் அறுந்திருந்தாலும் மெட்ரிக் 100 வழிதான் வெல்லும். ஒரு சரிபார்ப்பு நிரல் தேவை. அது ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் தனித்தனியாக, கேட்வேக்கு அப்பால் உள்ள இரண்டு மூன்று முகவரிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து எல்லாமே தவறினால் வழியை நீக்கட்டும். பத்து முறை தொடர்ந்து வெற்றியானால் மட்டும் திரும்பச் சேர்க்கட்டும். இறங்க வேகம், ஏற நிதானம்: இல்லாவிட்டால் தடுமாறும் இணைப்பில் வழி நிமிடத்துக்குப் பலமுறை புரளும். வழி மாறும்போது வெளிமுகவரியும் மாறுவதால் ஓடிக்கொண்டிருக்கும் டிசிபி இணைப்புகள் அறுந்தே தீரும். அதைத் தவிர்க்க, சொந்த முகவரித் தொகுதியை இரண்டு நிறுவனங்கள் வழியாகவும் பிஜிபியில் (நெட்வொர்க்குகள் தம் முகவரிகளை ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் முறை) அறிவிக்க வேண்டும்.

## கேட்வே, ஸ்டோரேஜ், ரூட்டிங்

சர்வரில் எல்லாம் சரியாக இருந்தும் கேட்வே ஒன்றே ஒன்று என்றால் பயனில்லை. இரண்டு ரவுட்டர்கள் ஒரே மெய்நிகர் முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் விஆர்ஆர்பி இதற்கான வழக்கமான தீர்வு. இயல்பாக நொடிக்கு ஒரு அறிவிப்பு. மூன்று தவறியதும் இரண்டாவது ரவுட்டர் பொறுப்பேற்கும். மெய்நிகர் மேக் முகவரியும் கூடவே மாறுவதால் சர்வரின் ஏஆர்பி அட்டவணையில் எதுவும் மாற வேண்டியதில்லை.

ஐஸ்கசி ஸ்டோரேஜுக்கு (நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்) பாண்டிங் வேண்டாம். இரண்டு போர்ட்களையும் இரண்டு தனி சப்நெட்டில் வைத்து, மேலே மல்டிபாத் அடுக்கு இரண்டு வழிகளையும் நிர்வகிக்கட்டும். அங்கே கவனிக்க வேண்டிய எண் 'ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்'. இயல்பு மதிப்பு 120 நொடி. அதை விட்டுவைத்தால் ஒரு பாதை போனதும் டிஸ்க் எழுத்து இரண்டு நிமிடம் உறையும். மல்டிபாத் இருக்கும்போது 5 முதல் 15 நொடிக்குக் குறைக்கலாம்.

பெரிய அமைப்புகளில் சர்வரிலேயே பிஜிபி ஓட்டுவது உண்டு. சேவையின் முகவரியை லூப்பேக்கில் (எந்தக் கேபிளையும் சாராத உள் இன்டர்ஃபேஸில்) /32, அதாவது ஒற்றை முகவரியாக வைத்து, இரண்டு ஸ்விட்ச்களுக்கும் அறிவிக்க வேண்டும். பகிரப்பட்ட விலான் தேவையில்லை, எம்-லேக் தேவையில்லை. இரண்டு வழிகளும் எப்போதும் வேலை செய்யும். பிஜிபியின் காத்திருப்பு நேரத்துக்கு அதன் தரநிலை பரிந்துரைப்பது 90 நொடி என்பதால், இணைப்பின் உயிரை விரைவாகச் சோதிக்கும் பிஎஃப்டியைச் சேர்த்தே பயன்படுத்துங்கள். 300 மில்லிநொடி இடைவெளி, மூன்று தவறு என்றால் 0.9 நொடியில் பழுது தெரிந்துவிடும். ரூட்டிங் தெரிந்த ஆட்கள் உங்கள் குழுவில் இருந்தால், இரண்டு ஸ்விட்ச்களை ஒன்றாக நடிக்க வைப்பதைவிட இதுவே நேர்மையான வடிவமைப்பு.

## 30 நொடித் தடங்கல் ஏன் 51 நொடியாகத் தெரிகிறது

பாதை மாறும் நேரத்தைப் பயன்பாடுகள் எப்படி உணர்கின்றன என்பதை டிசிபி தீர்மானிக்கிறது. பதில் வராத பாக்கெட்டை லினக்ஸ் உள்நெட்வொர்க்கில் சுமார் 0.2 நொடியில் மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும்: தொடக்கத்திலிருந்து 0.6, 1.4, 3, 6.2, 12.6, 25.4, 51 நொடிகளில் அடுத்தடுத்த முயற்சிகள்.

ஆக்டிவ்-பேக்கப் அரை நொடியில் மாறினால் இரண்டாவது முயற்சியே வென்றுவிடும். பயனருக்குத் தெரியவே தெரியாது. ஸ்பேனிங் ட்ரீயால் 30 நொடி போனால், 25.4-ஆம் நொடி முயற்சி தோற்று, அடுத்தது 51-ஆம் நொடியில்தான். பாதை 21 நொடியாக நன்றாக இருந்தும் அந்த இணைப்பு காத்துக்கொண்டே நிற்கும். பாதை மீளவே இல்லையென்றால், இயல்பான 15 மறுமுயற்சிகளும் தீர்ந்து இணைப்பு செத்ததாக அறிவிக்கச் சுமார் 924 நொடி, அதாவது 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு ஒன்று பாதை மாற்றத்துக்குப் பிறகு கால் மணி நேரம் முடங்கிக் கிடக்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது இந்த எண்ணை. பயன்பாட்டு அளவில் டிசிபி யூசர் டைம்அவுட் அமைத்தால் அதைச் சில பத்து நொடிகளுக்குச் சுருக்கலாம்.

## சோதனை

இன்டர்ஃபேஸைக் கட்டளை கொடுத்து அணைத்துச் சோதிப்பது சோதனையே ஆகாது. அணைக்கும்போது அதன் வழிகளைக் கெர்னல் நீக்கிவிடும். கேபிள் போகும்போது நீக்காது. முதலாவது வெற்றி பெற்று இரண்டாவது தோற்கும். தொலைவிலிருந்து அமைப்பை மாற்றுகிறீர்கள் என்றால் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானின் 'ட்ரை' போன்ற, உறுதி செய்யாவிட்டால் 120 நொடியில் பழைய நிலைக்குத் திரும்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு கேபிளையும் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பச் செருகுங்கள். இரண்டு தருணங்களிலும் எத்தனை பாக்கெட் போயிற்று என்று குறியுங்கள்.
2. ஒரு ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அது முழுதாக எழுந்து திரும்பும்வரை கவனியுங்கள்.
3. ஸ்விட்ச் போர்ட்டின் விலானை மட்டும் மாற்றுங்கள். விளக்கு எரியும், பாக்கெட் போகாது. உங்கள் கண்காணிப்பின் உண்மையான தேர்வு இதுதான்.
4. ஒவ்வொரு பாதையிலும் பெரிய பாக்கெட், உடைக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்புங்கள்: எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 என்றால் 1472 பைட், 9000 என்றால் 8972 பைட். மாற்றுப் பாதையில் எம்டியு குறைவாக இருந்தால் சாதாரணப் பிங் போகும், கோப்பு நகல் நடுவில் தொங்கும்.
5. ஒரு கேபிள் இல்லாத நிலையில் சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். எல்லாப் போர்ட்களும் தயாராகட்டும் என்று 120 நொடி காத்திருந்து, பிறகு சேவைகளைத் தொடங்காமல் விடும் அமைப்புகள் அப்போதுதான் வெளிப்படும்.

## ஒற்றைக் காலில் நிற்பதைக் கண்டுபிடிப்பது

பாதை மாற்றம் நன்றாக வேலை செய்வதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது: முதல் பழுதை யாரும் உணர்வதில்லை. சர்வர் மாதக்கணக்கில் ஒரே கேபிளில் ஓடிக்கொண்டிருக்கும். சேவை எட்டுகிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்பு எப்போதும் பச்சையே காட்டும்.

எனவே ஒவ்வொரு போர்ட்டின் நிலையையும் தனியாகக் கண்காணியுங்கள். பாண்டின் நிலைக் கோப்பில் மூன்று இடங்களைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டின் லிங்க் நிலை. அது எத்தனை முறை விழுந்தது என்ற எண்ணிக்கை, திடீரென ஏறினால் கேபிளோ மாட்யூலோ சாகப்போகிறது. எல்ஏசிபி என்றால் எதிர்ப்பக்கத்தின் மேக் முகவரியும் ஒவ்வொரு போர்ட்டும் எந்தக் குழுவில் என்பதைச் சொல்லும் அக்ரிகேட்டர் எண்ணும். எதிர்ப்பக்க மேக் 00:00:00:00:00:00 என்று இருந்தால் ஸ்விட்ச் எல்ஏசிபி பேசவே இல்லை. இரண்டு போர்ட்களின் அக்ரிகேட்டர் எண்கள் வேறாக இருந்தால், இரண்டு விளக்கும் எரிந்தாலும் ஒரு போர்ட் மட்டுமே குழுவில் இருக்கிறது.

இந்தச் சரிபார்ப்பைப் பராமரிப்பு வேலையின் முதல் படியாக எழுதி வையுங்கள். ஸ்விட்ச் ஒன்றின் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன், அதோடு இணைந்த ஒவ்வொரு சர்வரும் மற்ற ஸ்விட்சின் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பட்டியலெடுங்கள். ஒரு சர்வர்கூட விடுபட்டிருந்தால், அதைச் சரிசெய்யும்வரை அந்த ஸ்விட்சைத் தொடாதீர்கள்.